வாடை வருதா?

அஞ்சலாட்சி தினமும் காலையில் இரண்டு முறை குளிப்பாள். குருசுக்குப்பத்தில் அவள் அம்மா சின்னப்பாப்பா மீன் விற்கிறவர். ஆறாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடமாக, தன் மேல் மீன் வாடை அடிக்கிறது என்பதில் அஞ்சலாட்சிக்குச் சந்தேகமே இருந்ததில்லை. மற்றவர்கள் மேல்தான் சந்தேகம்.

முத்தியால்பேட்டையில், பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் அவளுக்குத் தட்டச்சு வேலை. வருகிறவர் கைக்குட்டையை எடுத்தால் அது தன்னால்தான். யாராவது தும்மினாலும் தன்னால்தான். யாரும் எதுவும் சொல்லாவிட்டால், மரியாதைக்காக மறைக்கிறார்கள்.

அங்கே மொழிபெயர்ப்பாளரும் முதலாளியும் ஃபிரான்சுவாஸ்தான். ஐம்பதைத் தொட்ட பெண்மணி; உள்ளூர்த் தமிழர்தான், ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். அஞ்சலாட்சி காகிதத்தோடு அவர் மேசைக்குப் போனால், பேச்சின் நடுவில் சட்டென்று எழுந்து ஜன்னலைத் திறப்பார். அவர் திறந்த நாளெல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. திறக்காத நாட்களை அவள் கவனித்ததே இல்லை.

காகிதங்களை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு ஓடிவர ஆரம்பித்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டாள். கடைசியில் ராஜினாமா கடிதமும் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஃபிரான்சுவாஸ் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நான் உனக்கு என்ன பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல மதாம்."

"என்னக் கண்டாலே ஓடற. கூட உக்காந்து சாப்புட மாட்டேங்கற. ஒரு வருஷமா பாக்கறேன். பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்காரி, திமிரு புடிச்சவன்னு நெனச்சிட்டியா?"

அஞ்சலாட்சி ஜன்னலைக் காட்டினாள். "நான் வந்தா ஜன்னலத் தொறக்கறீங்களே மதாம். எம்மேல மீன் வாடை வருதுன்னுதானே?"

ஃபிரான்சுவாஸ் சிரிக்கவில்லை. "இந்த வயசுல திடீர் திடீர்னு ஒடம்பு பத்தி எரியுதுடி. இத எல்லார்கிட்டயும் சொல்லிட்டா இருக்க முடியும்? உம்மேல பவுடர் வாசனதான் வருது. அதுவும் கொஞ்சம் ஜாஸ்தியா."

அஞ்சலாட்சி நம்பவில்லை. சமாளிக்கிறார் என்றே நினைத்தாள். ஆனாலும் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஒரு வாரம் தன் இடத்திலிருந்தே அவரைக் கண்காணித்தாள். யாருமே பக்கத்தில் இல்லாதபோதும் ஃபிரான்சுவாஸ் எழுந்துபோய் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து நின்றார். ஃபைலால் கழுத்துக்கு விசிறிக்கொண்டார். ஆறு நாளில் பதினோரு முறை. அவற்றில் இரண்டு முறைதான் அஞ்சலாட்சி அருகில் இருந்தாள்.

திங்கட்கிழமை மதியம் டிபன் பாக்ஸோடு போய் அவர் எதிரில் உட்கார்ந்தாள். கொஞ்சம் தயங்கிவிட்டு மூடியைத் திறந்தாள்.

"என்ன மீனு?"

"சங்கரா, மதாம்."

ஃபிரான்சுவாஸ் கேட்காமலே ஒரு துண்டை எடுத்துக்கொண்டார். அவர் மெல்லுவதையே அஞ்சலாட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். மரியாதைக்காகச் சாப்பிடுகிறாரோ? இரண்டாவது துண்டுக்கும் அவர் கை நீண்டது. அப்புறம்தான் அவள் சோற்றைப் பிசைந்தாள்.