வெள்ளாடு ஒதுக்கிய இலை

சித்தப்பா குவைத்திலிருந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது எங்கள் ஊரில் டிவி இருந்த வீடுகள் இரண்டு. அவர் மூன்றாவதாக வாங்கினார். நகரிக்குப் பக்கத்துச் சின்ன ஊருக்கு அது போதும், அவருக்குப் போதவில்லை. குவைத்தில் அவர் வேலை பார்த்த வீட்டில் கூடத்துக்குள்ளேயே செடி இருக்குமாம், நாய் சோபாவில் தூங்குமாம். ஆகவே புத்தூர் ரோட்டு நர்சரியிலிருந்து ஆறு தொட்டிகளும், திருப்பதியிலிருந்து ஒரு வெள்ளைப் பொமரேனியன் குட்டியும் வந்து சேர்ந்தன. குட்டிக்கு ஜிம்மி என்று பெயர். எங்களுக்குக் கிடைக்காத பால் பிஸ்கட் அதற்குக் கிடைத்தது.

தொட்டிகளில் ஒன்றுக்கு மட்டும் கூடத்தில் இடம். அகலமான பச்சை இலை, நடுவில் சுண்ணாம்பு தெளித்தாற்போல வெள்ளைப் புள்ளிகள். பெயர் கேட்டால் "ஷோ செடி" என்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டேன். பள்ளியில் என் பெயரைக் கூப்பிட்டால் பக்கத்துப் பெண்தான் எனக்காகக் குரல் கொடுப்பாள். ஆடுகளோடு மட்டும் நன்றாகப் பேசுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நைனா, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், மேய்ச்சலுக்கு என்னையும் கூட்டிப்போவார். புதுத் தழை எதையாவது கண்டால், முதலில் எங்கள் கிழட்டுப் பெட்டை ஆட்டிடம் ஓர் இலையை நீட்டுவார். அது முகத்தைத் திருப்பினால் மந்தையை அந்தப் பக்கம் விடமாட்டார்.

நானும் ஷோ செடியில் ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டுபோய் நீட்டினேன். பெட்டை மோந்தது, தும்மியது, திரும்பிக்கொண்டு நின்றது. கிள்ளிய விரல்கள் சேப்பங்கிழங்கு உரித்ததுபோல நமநமவென்று அரித்தன.

ஒரு வாரம் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு சித்தப்பாவிடம் போனேன்.

"சித்தப்பா, அந்தச் செடி ஆவாது. ஜிம்மி துன்னுடும். எங்க ஆடே வாணாம்னுடுச்சு."

"இன்னாடி, உங்க ஆடு டாக்டருக்குப் படிச்சிக்கினு கீதா?"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதன்பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தொட்டியைத் தூக்கி ஜன்னல் திட்டில் வைப்பேன். சித்தி திரும்பத் தரையில் இறக்குவார். பேச்சே இல்லாமல் இந்த வேலை எங்களுக்குள் பத்து நாள் நடந்தது.

பதினோராம் நாள் பள்ளி விட்டு வந்தால், சித்தப்பா வீட்டில் கூட்டம். ஜிம்மி மூலையில் ஒடுங்கி, நுரை நுரையாக எச்சில் ஒழுக, முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. போன மாதம்தான் மேலத்தெருவில் வெறிநாய் கடித்த கன்றுக்குட்டி ஒன்று, தண்ணீர் வாளியைக் கண்டாலே மிரண்டு மிரண்டு செத்திருந்தது.

"வெறிதான்! யாரும் கிட்ட போவாதீங்க!" என்று எதிர்வீட்டுக்காரர் உலக்கையோடு நின்றார். நைனா கையில் தடி. சித்தப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "அடிச்சிடுண்ணா," என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

நான் தொட்டியைப் பார்த்தேன். தரையில் இருந்தது. அடி இலையில் பாதியைக் காணவில்லை.

"வெறி இல்ல நைனா, அதுக்கு அரிக்குது," என்றேன். யார் காதிலும் விழவில்லை. காதில் விழும்படி பேச எனக்கு வராது. பையைப் போட்டுவிட்டு, கால்களுக்கு நடுவே புகுந்துபோய், ஜிம்மியின் வாய்க்குள் விரலை விட்டு, சுருண்டு கிடந்த இலைத்துண்டை வெளியே எடுத்தேன். எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தேன். விரல் அரித்தது.

"சித்தி, தண்ணி! மோர் கொண்டா!"

அது என் குரல்தான் என்பதை நம்பவே எனக்குக் கொஞ்சம் நேரமானது. கிழங்கு அரிப்புக்கு எங்கள் வீட்டில் மோர்தான் மருந்து. வாயை நன்றாகக் கழுவிவிட்டு, மோரை வைத்தோம். முதலில் வேண்டாம் என்றது, பிறகு நக்கியது. பொழுது சாயும் நேரத்தில் என் பாவாடையைக் கடித்து இழுத்தது.

மறுநாள் காலை சித்தப்பா, மிச்சம் ஐந்து செடிகளிலிருந்தும் ஒவ்வோர் இலையைக் கிள்ளிக்கொண்டு, குவைத் கைக்கடிகாரத்தோடு எங்கள் ஆட்டுப்பட்டியில் வந்து நின்றார்.

"உங்க டாக்டரம்மாவை இதையும் பாக்கச் சொல்லும்மா," என்றார்.

பெட்டை மூன்றைத் தின்றது. ஆட்டுக்கு ஆவது நாய்க்கும் ஆகவேண்டும் என்றில்லை என்று நைனா சொன்னதால், ஆறு தொட்டிகளும் மொட்டைமாடிக்கே போயின.

ஊரே என்னைப் பாராட்டியது. பாராட்டாதவர் நைனா ஒருவர்தான். ஜிம்மியின் வாய்க்குள் நான் கைவிட்ட அன்றே என்னைப் போரிங் குழாயடிக்கு இழுத்துப்போய், முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ஒவ்வொரு விரலையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குக் கோபமாக வந்தது.

ஆனால் அடுத்த நாளிலிருந்து, மந்தையை ஓட்டிப்போகும் முன்பு, ஒரு சொம்புத் தண்ணீரைத் தானே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். தண்ணீர் வாளிக்கு மிரண்ட மேலத்தெருக் கன்றுக்குட்டியைப் பார்த்த அதே கண்களோடு, நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். வெயில் காலம் முழுக்க ஒரு நாளும் தவறவில்லை. வீட்டில் வேறு யாருக்கும் அந்த மரியாதை இல்லை. நாயைக் காப்பாற்றிய பெண்ணல்லவா என்று தலையை நிமிர்த்தி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடிப்பேன். வெறும் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் விட்ட பெருமூச்சையும் பெருமை என்றே எடுத்துக்கொண்டேன்.