சென்னியம்மாள் மெஸ்ஸின் பெயர்ப்பட்டியல்

சங்ககிரி பைபாஸில் லாரிப் பட்டறைகளைத் தாண்டினால் பச்சைத் தகரம் போட்ட ஒரு மெஸ் வரும். போர்டு கிடையாது. ஆனால் சென்னியம்மாள் மெஸ் என்றால் நாக்பூரில் நிற்கும் டிரைவருக்கும் தெரியும். அக்காவுக்கு வயது ஐம்பத்து நான்கு. அவரிடம் வாயைக் கொடுத்து யாரும் ஜெயித்ததில்லை. எதிரிலிருக்கும் லாரி புக்கிங் ஆபீஸில் லோடு எழுதுகிற நான் இருபது வருடமாக அங்கேதான் சாப்பிடுகிறேன். அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நான் செய்த கேவலத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அக்காவிடம் ஒரு நீள நோட்டு உண்டு. டிரைவர்கள் பவானி தாண்டும்போதே போன் போட்டுப் பார்சல் சொல்லிவிடுவார்கள். வண்டி வந்து நின்றதும் பொட்டலம் கைக்குப் போய்விட வேண்டும். செல்வராசு என்று பத்துப் பேர் இருக்கிற ஊரில் எந்தச் செல்வராசு என்று தெரிய வேண்டாமா? அதனால் பெயருக்கு முன்னால் அவன் தின்பதை எழுதி வைப்பார். அவிச்ச முட்டை செல்வராசு. காரம் கம்மி தங்கவேல். பக்கத்தில் வண்டி நம்பர், செல் நம்பர். நான் ரசம் கலைமணி. ரோட்டைத் தாண்டினால் மெஸ், எனக்கு எதற்குப் பார்சல்? ஆனாலும் அந்த நோட்டில் பெயர் இருப்பது எங்களுக்கெல்லாம் ஒரு மரியாதை. வண்டி எங்காவது படுத்துவிட்டால் டிரைவர் வீட்டுப் பெண்கள் முதலில் கூப்பிடுவது அக்காவைத்தான்.

தயிர்சோறு முருகானந்தம் அக்காவின் சொந்தத் தம்பி. வடக்கே ஓடுகிற டிரைவர். லோடுக்காகக் காத்துக் கிடந்த நாட்களில் போனில் ரம்மி பழகினான். மனைவி சித்ராவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சிய பிறகும் விடவில்லை. அக்கா திட்டித் திருத்தினார் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். ஒரு மதியம் அவன் சாப்பிட வந்தபோது அக்கா சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து அழுதார். அவ்வளவுதான். அடுத்த வாரமே அவன் டச் போனை விற்றுவிட்டுப் பட்டன் போன் வாங்கினான். பழைய நம்பருக்கு ரம்மிக்காரர்கள் விடாமல் செய்தி அனுப்பியதால் நம்பரையும் மாற்றினான். புது நம்பர் தெரிந்தது மூன்றே பேருக்கு: சித்ரா, வண்டி முதலாளி, அக்கா.

2022 ஆடி மாதம், இணையச் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் கொண்டுவருவது பற்றி மாநில அரசு பொதுமக்களிடம் மின்னஞ்சலில் கருத்துக் கேட்டது. அதைச் செய்தித்தாளில் படித்துச் சொன்னவன் தனசேகர். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். மூன்று வேளையும் அக்கா கையால்தான் சாப்பாடு. தடை வேண்டும் என்று எழுதிப் போட அக்கா அன்றைக்கே நோட்டை எடுத்துவிட்டார். ஒரு மாதம்வரை சாப்பிட வந்தவன் எவனும் கையெழுத்துப் போடாமல் கை கழுவவில்லை. கெடு தாண்டிவிட்டது என்று நான் சொன்னதற்கு, அரசாங்கத்தின் கண் அதற்குள் மூடிவிடுமா என்று என்னையே மடக்கினார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். முதல் பெயர் தம்பியுடையது.

தனசேகர் கம்ப்யூட்டரில் அடிக்க, அக்கா நோட்டைப் பார்த்து வாசித்தார். பெயரும் ஊரும் போதும் என்று அவன் சொன்னான். அக்கா ஒப்பவில்லை.

"நம்பரில்லாத பேரு ஆருதுன்னு கவுருமெண்டுக்கு எப்படித் தெரியும்? கூப்புட்டுக் கேட்டா நாலு வார்த்த சொல்லோணுமல்லோ" என்றார்.

அவிச்ச முட்டையையும் தயிர்சோற்றையும்கூட அடிக்கச் சொன்னார். இல்லாவிட்டால் ஆள் மாறிப் போகுமாம். நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கோட்டையில் உட்கார்ந்து எந்த அதிகாரி காரம் கம்மி தங்கவேலைப் படித்தாரோ தெரியாது. 2023இல் சட்டம் வந்துவிட்டது. அன்றைக்கு எல்லா இலையிலும் கேசரி. தம்பி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான்.

அந்த வருடக் கடைசியில், ரம்மி திறமை விளையாட்டு, அதற்கு இந்தத் தடை செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த தை மாதம் என் போன் அடித்தது. தேன் தடவிய பெண் குரல். "வணக்கம், ரசம் கலைமணி சாருங்களா?" என்று கேட்டுவிட்டு, வரவேற்புப் பரிசோடு ரம்மி ஆட அழைத்தது.

ஒரு வாரத்தில் எல்லாருக்கும் வந்துவிட்டது. அவிச்ச முட்டைக்கு வந்தது, காரம் கம்மிக்கு வந்தது. முதல் இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் யாரோ ஒருவன் கேட்டான், இந்தப் பெயரெல்லாம் யார் நோட்டில் இருக்கிறது என்று. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. போனில் பார்சல் சொல்வது நின்றது. மதியத்தில் பாதி இலை காலி. நானும் ஒரு வார்த்தை கேட்காமல் வேறு கடைக்கு நடந்தேன், பன்னிரண்டு நாள். இருபது வருடச் சோறு என் நெஞ்சில் நிற்கவில்லை. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பதின்மூன்றாம் நாள் அக்கா ரோட்டைத் தாண்டி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"நீயும் அப்படித்தான் நெனச்சியா சாமி?"

 பதிலுக்கு அக்கா காத்திருக்கவில்லை. பட்டியல் நோட்டில் மட்டுமில்லை, இன்னோர் இடத்திலும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் பின்னாலேயே தனசேகரின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

தனசேகர் மறைக்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். திருட்டு முழி முழித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

"சேலம் பேர்லேண்ட்ஸ்ல ஒரு ஆபீசுங்க்கா. டிரைவருங்க லிஸ்ட் இருக்குதான்னு கேட்டாங்க, குடுத்தேன். வெறும் நம்பருதானுங்க, அதுல என்ன இருக்குது?" என்றான். ரம்மியை ஒழிக்க எழுதின பட்டியல் ரம்மிக்காரனுக்கே போயிருக்கிறது. இவனோ ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த மாதிரி பேசுகிறான்.

அக்கா கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"என்ற நோட்டுல உன்ற பேரு இருக்குதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க்கா."

"ஏன்னு தெரியுமா? நீ நேரா உள்ள வந்து தட்டெடுத்து உக்கார்றவன். ஊட்டாள எங்காச்சும் எழுதி வெப்பாங்களா?"

அவன் அதற்கு மட்டும் தலை குனிந்தான். அத்தோடு மெஸ் பக்கம் வரவில்லை.

உண்மையை நான் ஒவ்வொரு டிரைவரிடமும் சொன்னேன். பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். வந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள், போனில் மட்டும் சொல்ல மாட்டார்கள்.

தம்பிக்குத்தான் எந்தச் சமாதானமும் ஏறவில்லை. அந்தத் தேன்குரல் பட்டன் போனிலும் கூப்பிட்டிருக்கிறது. ஏழெட்டுத் தரம் போனை வைத்துவிட்டானாம். மாசி முடிவதற்குள் மறுபடி டச் போன் வாங்கி ஆட ஆரம்பித்துவிட்டான். அக்கா போய்க் கெஞ்சினார். அவன் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னான்.

"நீதானக்கா என்ற நம்பரக் குடுத்த."

அதோடு நம்பரையும் மாற்றிவிட்டான்; அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அவன் வண்டி மெஸ்ஸில் நிற்கவே இல்லை. தினமும் ஒரு சொம்புத் தயிரை அக்கா யாருக்கும் ஊற்றாமல் வைத்திருந்து சாயங்காலம் மோராக்குவார். கேட்டால் எரிந்து விழுவார்.

போன வருடம் நாடாளுமன்றமே காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டு எல்லாவற்றுக்கும் தடை போட்டது. அவன் ஆடிக்கொண்டிருந்த ஆப் மூடிவிட்டது. புரட்டாசியில் ஒரு மதியம் முருகானந்தம் வந்தான், இளைத்துப் போய். பழைய இடத்திலேயே உட்கார்ந்தான். அக்கா தயிரை ஊற்றிய வேகத்தில் இலை தாண்டி ஓடியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

கை கழுவி வந்தவனிடம் அக்கா நோட்டைத் திறந்து வைத்து, பழைய நம்பரை அடித்துவிட்டு, பேனாவோடு நின்றார்.

"புது நம்பரச் சொல்லு சாமி."

அவன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான். குரலில் கோபமே இல்லை.

"சித்ராகிட்ட இருக்குதுக்கா. உன்ற நோட்டுல வேண்டாம். போயிட்டு வாரேன்" என்றான்.

வண்டி கிளம்பிப் பைபாஸில் ஏறும்வரை அக்கா அங்கேயே நின்றார். பிறகு பேனாவை மூடி நோட்டுக்குள் வைத்துவிட்டு, எனக்கு ரசம் ஊற்ற வந்தார்.