பெரியம்மை பொத்திய மணி

என் மேசைமேல் ஒரு வெண்கலக் கைமணி இருக்கிறது. பெரிய மாமா இறந்து குடும்பச் சொத்தைப் பாகம் வைத்தபோது, வயலுக்கும் தோப்புக்கும் மற்றவர்கள் அடித்துக்கொள்ள, நான் இதைக் கேட்டு வாங்கினேன். ஒருநாளும் அடித்ததில்லை. பார்க்கும்போதெல்லாம் கோபம்தான் வரும்.

திருவிதாங்கூர் சமஸ்தானக் காலம். நாஞ்சில் நாட்டில் அன்று ஓட்டு மனிதருக்கில்லை, மண்ணுக்குத்தான். யார் பெயரில் நிலவரியோ, அவருக்கே ஓட்டு. எங்களுக்கோ மருமக்கள்வழி. சொத்து தாய்வழியில் வரும். ஆனால் வரி ரசீதில் இருப்பது காரணவரின், அதாவது குடும்பத்தை நடத்தும் மூத்த ஆணின், பெயர் மட்டும். பெரிய மாமாதான் காரணவர். வீடு கொள்ளாத ஆட்கள் இருந்தும் ஓட்டு அவர் ஒருவருக்கே. பாகம் கேட்கச் சட்டம் வந்ததும், அவருடைய தங்கையும் என் அம்மாவுக்கு அக்காவுமான பெரியம்மை தன் பங்கைக் கேட்டாள். "எனக்க பேருல ஒரு துண்டு வயலு போரும். நானும் போயி ஓட்டுப் போடணும்" என்பாள். வருஷக்கணக்கில் இழுத்தடித்த மாமா, அறுப்பு முடிந்ததும் கையெழுத்துப் போடுவதாகக் கடைசியில் ஒத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் கூட்டாட்சிப் பேச்சு எழுந்தது. வெள்ளைக்கார மாகாணங்களும் சமஸ்தானங்களும் சேர்ந்து டெல்லியில் ஒரே சபை வரப்போகிறதாம். அதை விளக்க ஊர் வாசகசாலையில் கூட்டம் போட்டார்கள். மாமாதான் தலைவர், அவர் முன்னால், வீட்டிலிருந்து கொண்டுபோன இந்த மணி. அரண்மனைக்கு வேண்டியவர் என்று பெயரெடுக்க அலைந்துகொண்டிருந்தவர் அவர். மகாராஜாவின் கருணையால் நம் குரலும் டெல்லியில் ஒலிக்கும் என்று நீட்டி முழக்கினார்.

என் பக்கத்தில் இருந்த பெரியம்மை எழுந்தாள். "அண்ணேன், ஒண்ணு கேக்கட்டா? நமக்காவ அங்க போறவன நாம தெரிஞ்செடுப்பமா, இல்ல மகாராஜாவே கொட்டாரத்துலேருந்து ஆளனுப்புவாரா?"

மாமா மணியை அடித்தார். "இரிட்டி அங்க!"

மறுபடி கேட்டாள். மறுபடி மணி. அவள் நேரே போய் அதன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"மணி அடிச்சா பதிலாயிருமா? இப்பச் சொல்லுங்க."

மகாராஜா நியமிக்கும் ஆள்தான் போவார் என்று அங்கிருந்த படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கறுப்புக் கோட்டு வக்கீல்கள் குனிந்து செருப்பைத் தேடினார்கள். வெட்கங்கெட்டவர்கள்!

அறுப்பு முடிந்தது. மாமா கையெழுத்துப் போடவில்லை. "பாகத்த டெல்லியில போயி வாங்கிக்கிடச் சொல்லு" என்றார். வழக்குப் போட அவளுக்கு வசதியில்லை. நான் மனம் பொறுக்காமல், "பேசாம இருந்திருந்தா வயலு கெடச்சிருக்கும்லா பெரியம்மை?" என்றேன்.

"கெடச்சிருக்கும் மக்கா. வாயப் பொத்திக்கிட்டு வாங்குன ஓட்ட வச்சி என்னத்தச் செய்ய?"

அந்தக் கூட்டாட்சி வரவேயில்லை. நிலம் இல்லாதவருக்கும் ஓட்டு வந்தபோது பெரியம்மை இல்லை.

நேற்று தொலைக்காட்சியில் பாராளுமன்றம் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் உறுப்பினர் கேள்வி கேட்க எழுந்தார். பாதியிலேயே மணியடித்து உட்கார வைத்தார்கள். அதைப் பார்த்த என் பேத்தி, விளையாட்டாக மேசைமேல் இருந்த மணியை எடுத்து ஆட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எட்டி அதன் வாயைப் பொத்தினேன்.

"அவரு என்ன கேட்டாருன்னு மொதல்ல கேளுட்டி" என்றேன்.