துக்க வீட்டில் ஒலித்த கேசட்

என் மகள் தேவிக்குப் பத்து வயது. சேலத்து டாக்டர் ஆட்டிசம் என்று ஒரு பெயர் சொன்னார். மனிதர்களோடு பேசப் பழக்க, டேப்ரிகார்டரில் என் குரலைப் பதிந்து தினமும் கேட்க வைக்கிறேன்.

யாராவது வந்தால் "வாங்க". கிளம்பும்போது "போயிட்டு வர்றேனுங்க".

ஆறு மாதமாகக் கேட்கிறாள். நான் தூண்டாமல் யாரிடமும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

இன்று கிளியூரில் எங்கள் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் இறந்துவிட்டார். தேவியைத் தனியே விட முடியாது என்பதால் கூட்டிப் போனேன். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. 'வர்றேன்' என்றால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். அதனால் பேசாமல் எழுந்தேன்.

தேவி நேராக ரைட்டரின் மனைவி முன்னால் போய் நின்றாள். அவர் முகத்தைப் பார்த்து, கேசட்டில் இருக்கும் என் ராகத்திலேயே சொன்னாள்.

"போயிட்டு வர்றேனுங்க."

ஒப்பாரி நின்றுவிட்டது. நான் ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினேன்.

"ஏனுங்க, எழவு ஊட்டுல இப்படிச் சொல்லலாமுங்களா? புள்ளைக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கறதில்லீங்களா?" என்றார் பக்கத்து வீட்டம்மா.

ஆறு மாதமாக அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் கேசட்டைப் போட்டேன். அந்த வார்த்தை வந்த இடத்தில், தேவி தன் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

பேசக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் ஆயிற்று. பேசாதே என்பதற்கு ஒரே தடவை போதுமாக இருந்தது.

இதை அழிக்க எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.