குழாய்க் குரலுக்கு எழுந்தவர்

ரேடியோக்காரன் வந்தால் காபி கொடுப்பார்கள், பலகாரமும் கொடுப்பார்கள். ஆனால் அவன் கொண்டுவந்த பெட்டிக்குப் பக்கத்தில் குழந்தையைப் படுக்க வைக்கமாட்டார்கள். இந்தத் தொழிலில் அடிபட்ட சகோதரர்களுக்கு நான் சொல்வது புரியும். நான் இதற்கு வந்தது கதை மேலிருந்த ஆசையால். கொடுமுடியில் எங்கே உடுக்கைச் சத்தம் கேட்டாலும் சோற்றை விட்டு எழுந்து ஓடிய பயல் நான். மெட்ராஸிலிருந்து சாயங்காலம் மட்டும் ரேடியோ கேட்ட காலம் அது. கோயமுத்தூரில் ரேடியோ விற்கும் கடையில் ஆள் வேண்டும் என்றதும், கதை கேட்கச் சம்பளம் வேறு தருகிறார்களே என்று சேர்ந்துவிட்டேன்.

உடம்பில்லாத பேச்சு

போத்தனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கவுண்டர் வீட்டுக்குப் பெட்டி மாட்டப் போனேன். தென்னை மரத்தில் கம்பி கட்டி, ஸ்டேஷன் முள்ளைத் திருப்பியதும் மெட்ராஸில் யாரோ கதை படிப்பது தெளிவாகக் கேட்டது. கவுண்டருக்கு வாயெல்லாம் பல். வீட்டம்மா மட்டும் பெட்டியின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். நான் கிளம்பும்போது அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்: "ஏனுங்க, ஒடம்பு இல்லாத பேச்சை ஊட்டுக்குள்ள வெச்சுக்கறதுங்களா? பொழுது உழுந்தா எடுத்து மாட்டுக் கட்டுத்தரையில வெச்சுப்போடறனுங்க. கோவிச்சுக்காதீங்க."

இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில்

கோட்டைமேட்டில் அத்தர் விற்கும் ராவுத்தர் ஒருவர் பெட்டி வாங்கினார். ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனால் வெறும் இரைச்சல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவரோ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சரி செய்யலாமென்று முள்ளில் கை வைத்தேன். பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். ரங்கூனுக்குப் போய்த் திரும்பாத அவர் தம்பி அந்த இரைச்சலுக்குள் இருமுகிறானாம்.

நானும் காதை வைத்தேன். இரைச்சலுக்கு அடியில் யாரோ இருமினார்கள். ரேடியோ இரைச்சல் எப்படி வேண்டுமானாலும் கேட்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பு சிலிர்த்தது. ராவுத்தர் கெஞ்சினார்: "ஸ்டேஷனுக்கு நேராத் திருப்பிராதீங்க தம்பி. அங்கெல்லாம் ஊர்ல இருக்கறவங்க பேசறாங்க; நடுவுலதான் எங்க ஆளு இருக்கான்."

படுகளம்

ஆடி மாதம் அந்தியூர்க் குதிரை, மாட்டுச் சந்தைக்குக் கடை விளம்பரத்துக்காக மைக்கையும், மூங்கில் உச்சியில் கட்டும் பெரிய ஒலிபெருக்கிக் குழாயையும் கொண்டுபோனோம். கூட்டம் சேர்க்க நான் கூடாரத்துக்குள் உட்கார்ந்து மைக்கில் ஒரு வீரன் கதை சொன்னேன். எங்கள் பக்கத்துக் கதைகளில் வீரன் மடியும் இடத்துக்குப் படுகளம் என்று பேர். அந்த இடம் வந்தால் கேட்பவர்களில் சிலர் அருள் வந்து பிணம் போல் விழுவார்கள். விழவைத்த குரலே எழுப்புகிற பாட்டையும் பாட வேண்டும். இல்லாவிட்டால் ஆள் எழமாட்டான் என்பார்கள். குழாய்ப் பேச்சுக்கு யாருக்கு அருள் வரப்போகிறது என்று நான் தைரியமாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

வீரன் சாய்ந்தான். அதே நேரம் பேட்டரி தீர்ந்து குழாய் அடங்கியது. வெளியே ஒரே கூச்சல். மாடு விற்க வந்த ராசப்பன் என்பவர் விழுந்து கிடந்தார். கை கால் சில்லிட்டு, மூச்சு மெலிந்துகொண்டே வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து எழுப்பும் பாட்டைத் தொண்டை கிழியப் பாடினேன். இமைகூட அசையவில்லை. அவர் மனைவி நாச்சாயி, "உங்க குரல் இல்லீங்க, அவரைச் சாச்சது குழாய்க் குரலுங்க. அது வந்து எழுப்பச் சொல்லுங்க" என்று என் காலைப் பிடித்துக்கொண்டார். ஒரு மனிதனைக் கொன்றுவிட்டோமே என்று பேட்டரி தேடி ஓடினேன்.

சந்தையின் மறுகோடியில் ஒரு மில் முதலாளியின் கார் நின்றது. டிரைவரிடம் கெஞ்சிப் பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். ராசப்பன் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். குழாயின் ஒயர் எதிலும் மாட்டாமல் மண்ணில் கிடந்தது. நாச்சாயி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்: "நீங்க அந்தப் பக்கம் ஓடினீங்க, குழாய் முழுப் பாட்டையும் பாடுச்சுங்க. அப்பறம் எதுக்குங்க இந்தப் பேட்டரி?"

உத்தியோகம்

புதிதாக வரவிருந்த ரேடியோ நிலையத்தின் அதிகாரி ஒருவர் அன்று சந்தை பார்க்க வந்திருக்கிறார். மறுவாரமே கடைக்கு வந்து, கதை சொல்லும் வேலைக்கு என்னைக் கூப்பிட்டார். நான் சிறு வயதிலிருந்து ஏங்கிய வேலை. ஆனாலும், "எழுப்பும் பாட்டு மைக்கில் நான் பாடியதல்ல ஐயா, அப்போது பேட்டரியே இல்லை" என்று உள்ளதைச் சொன்னேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று அவர் என் முதுகில் தட்டினார்: "ஆளைச் சாகடித்தபோது நீங்கள் சுமார்தான். கடைசியில் குழாயில் பாடி எழுப்பினீர்களே, அந்தக் குரலுக்குத்தான் இந்த வேலை."

சம்பளம் என் பேரில் ஒழுங்காக வருகிறது. எழுப்பும் பாட்டு வரும்போது மட்டும், அந்தக் குரலுக்கு உரியவர் வந்துவிடுவாரோ என்று மைக்குக்கு முன்னால் ஒரு மூச்சு பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் வாயைத் திறக்கிறேன்.