மல்லாந்து பார்க்க ஒரு கிளை

மருத்துவமனையின் முன்கூடத்தில் பூ அலங்காரம் செய்பவளுக்கு அங்கே எல்லோரும் வைத்த பெயர் குச்சியம்மா. ஜப்பான் முறை அலங்காரம் அப்படி: அகலமான தொட்டி, தண்ணீருக்கடியில் ஊசிகள் நிமிர்ந்து நிற்கும் கனத்த தட்டு, அதில் செருகிய இரண்டு மூன்று கிளைகள், பேருக்குக் கொஞ்சம் பூ. மீதியெல்லாம் வெற்றிடம். வாசல் காவலாளி தினமும், "மீதிப் பூ எப்பம்மா வரும்?" என்பார். அவளும் சளைக்காமல், "லாரில வந்துட்டிருக்கு" என்பாள்.

அவளுக்கென்று இருந்தது அக்கா ஒருத்திதான். தையல் மெஷினை மிதித்துத் தங்கையை ஆளாக்கி, ஊசியில் நூல் கோத்தே கண்ணைத் தொலைத்தவள். சோடாபுட்டிக் கண்ணாடி இல்லாவிட்டால் தன் கையே அவளுக்கு அடுத்தவர் கை. அந்த அக்கா இப்போது அதே மருத்துவமனையின் மேல்மாடியில் கிடந்தாள். வார்டுக்குள் பூ, இலை, குச்சி எதற்கும் அனுமதியில்லை. தங்கை தலைமை நர்ஸிடம் கெஞ்சிப் பார்த்தாள். கிருமி என்ற ஒரே சொல்லில் பேச்சு முடிந்தது. போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பூ வைக்கிறவளால் சொந்த அக்காவின் தலைமாட்டில் ஓர் இலை வைக்க முடியவில்லை. போனில் படம் காட்டினால் அக்கா உதட்டைப் பிதுக்குவாள். "காக்கா கூடு கட்ட எடுத்துட்டுப் போற மாதிரி இருக்கு. நேர்ல பாத்தாத்தான்டி தெரியும்."

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் டாக்டர் தங்கையைக் கூப்பிட்டுப் பேசினார். பிழைப்பாள் என்றும் சொல்லவில்லை, மாட்டாள் என்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தன்னால் ஆகக்கூடியது என்று ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. அக்காவைப் படுக்கவைத்த தள்ளுவண்டி முன்கூடம் வழியாகத்தான் எதிர்க்கட்டடத்து ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும். அக்கா ஒரு முறையாவது நேரில் பார்த்துவிடட்டும்.

காலையில் வார்டுக்குப் போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். தோடு, வளையல், கண்ணாடி என்று நர்ஸ் கழற்றிக் கொடுத்ததையெல்லாம் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு கீழே ஓடினாள். கிளையை எப்போதும் எதிரே நிற்பவரைப் பார்த்துச் செருகுவாள். அன்று மாதுளைக் கிளையொன்றைத் தொட்டிக்கு வெளியே, நடைவழிக்கு மேலே சாய்த்தாள். தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தாள். எழுந்து ஓர் இலையை நறுக்கிவிட்டு மறுபடி படுத்தாள்.

"மேல கட்டில் காலியில்லையாம்மா?" என்றார் காவலாளி.

சிவந்த பூக்கள் மூன்றும் கீழ்நோக்கித் திரும்பும்வரை அவள் விடவில்லை.

வண்டி வந்தது. கூடவே நடந்து, "அக்கா, மேல பாரு" என்றாள்.

அக்கா கண்ணை இடுக்கினாள். "பச்சையா என்னமோ ஆடுதே. ஃபேனாடி?"

தள்ளுகிறவர் நிற்கவில்லை. நடையை எட்டிப்போட்டுக்கொண்டே சொன்னாள், "ஆமாக்கா."

"காத்து வரலியேடி" என்றாள் அக்கா. எதிர்க்கட்டடத்துக்குப் போகும் கதவு மூடிக்கொண்டது.

போகிறவர்கள் தலையில் இடிக்கிறது, கிளையை நிமிர்த்திவிடுங்கள் என்றார் காவலாளி. கத்தரிக்கோலுக்காக ஏப்ரன் பைக்குள் கைவிட்டாள். கையோடு வந்தது அக்காவின் கண்ணாடி.

கதவைப் பார்த்தாள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியைத் தானே மாட்டிக்கொண்டு தலையைத் தூக்கினாள். தொட்டி, காவலாளி, கதவு எல்லாம் கரைந்துபோயின. மேலே பச்சையாக ஏதோ ஆடிக்கொண்டிருந்தது.

ஃபேன் மாதிரித்தான் இருந்தது.