பத்தாயிரம் அடி உயரத்தில் ஆடி அமாவாசை

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பல் தேய்ப்பதற்குக்கூட எக்ஸெல் ஷீட் போடக்கூடிய மனிதர். சியரா மலையின் மேலே மூன்று ஏரிகள், நான்கு நாள், முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நடை என்று அவர் போட்ட ஷீட்டில், யார் எத்தனை ஜோடி சாக்ஸ் எடுத்துவர வேண்டும் என்பதுகூட இருந்தது. மூன்றாம் நாள் ஆடி அமாவாசை என்பது மட்டும் இல்லை. அதை அம்மாதான் கண்டுபிடித்தாள். அதுவும் பெர்மிட் கிடைத்து, கூடாரம் வாங்கி, நான் எங்கள் ஊர் ஃப்ரீமாண்டில் நீச்சல் வகுப்பில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் பீற்றிக்கொண்ட பிறகு.

"பெர்மிட்ட மாத்த முடியாதுக்கா. விட்டா அடுத்த சம்மர்தான்" என்றார் மாமா.

"அப்ப அமாவாசைய மாத்தச் சொல்றியா?"

அப்பாதான் தீர்ப்பு சொன்னார். "அங்கயே கும்பிட்டுக்கலாம். தண்ணி இருக்கு, கல்லு இருக்கு. வேற என்ன வேணும்?"

எனக்கு அப்போது பத்து வயது. இந்தப் பயணம் ஏற்கெனவே ஒரு வருடம் தள்ளிப்போயிருந்தது. அதற்கும் காரணம் தாத்தாதான். அப்பாவின் அப்பா திருநெல்வேலியில் ஒரு மார்கழியில் இறந்துபோனார். ஒரு வருடத்துக்கு மலை ஏறக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அது கோயில் மலைக்குத்தான், கலிஃபோர்னியா மலைக்குச் செல்லாது என்று மாமா வாதாடிப் பார்த்தார், எடுபடவில்லை. தாத்தாவை எனக்கு வீடியோ காலில்தான் தெரியும். அதிலும் பாதி நேரம் அவருடைய நெற்றி மட்டும்தான் தெரியும். மலையைத் தள்ளிப்போட்டவர் என்று அவர்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் இருந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

பெர்மிட் அலுவலகத்தில் கரடிக்குத் திறக்கத் தெரியாத கறுப்பு டப்பா ஒன்று கொடுத்தார்கள். சாப்பாடு மொத்தமும் அதற்குள்தான் இருக்க வேண்டுமாம். எந்த விலங்குக்கும் பறவைக்கும் ஒரு பருக்கைகூடப் போடக் கூடாதாம். அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். முதல் நாள் மாலை அந்த டப்பாவைத் திறக்க மாமா அரை மணி நேரம் போராடினார். கரடியைவிட நிலைமை மோசம் என்று சொல்லிக்கொண்டே அம்மா ஒரு கால் டாலர் காசை வைத்துத் திருகித் திறந்தாள்.

அந்த மலை! ஜூலை மாதத்தில் பனியைக் கையில் அள்ளினேன். புல்வெளி முழுக்க ஊதாப் பூ. முதல் ஏரி பச்சையாக இருந்தது, இரண்டாவது ஏரி நீலமாக இருந்தது. மூன்றாவது எப்படி இருக்கும் என்று கேட்டுக் கேட்டு மூவர் உயிரையும் எடுத்தேன். இரண்டாம் நாள் ஒரு மேட்டைத் தாண்டியபோது, எதிர்ச் சரிவு முழுக்க வெள்ளையாக நகர்ந்தது. நான் அதையும் பனி என்றுதான் நினைத்தேன். அப்புறம் அது கத்தியது. ஆடுகள்! ஆயிரம் இருக்கும். கோடை முழுக்கப் புல்லைத் தேடி மேய்ச்சல் விட்டு மேய்ச்சல் போகிற மந்தை. தூரத்தில் குதிரைமேல் ஒருவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். மந்தைக்கு நடுவே, ஆட்டைவிடப் பெரியதாக, ஆட்டைவிட வெள்ளையாக ஒரு நாய் எழுந்து நின்று என்னைப் பார்த்தது. என்னைத்தான் பார்த்தது. அன்று முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மூன்றாவது ஏரி கறுப்பாக இருந்தது. சுற்றிலும் பாறை, நடுவில் மை கொட்டியதுபோல் தண்ணீர். அமாவாசைக் காலை அப்பா அதில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டார். முதல் முழுக்கில் அவர் போட்ட சத்தம் எதிர்ப்பாறையில் மோதித் திரும்பி வந்தது. நானும் மாமாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு ஈர உடம்போடு வேட்டி கட்டி, தெற்கே பார்த்து நின்று, எள்ளும் தண்ணீரும் விட்டார். அப்போது நாங்கள் சிரிக்கவில்லை.

அம்மா சின்ன அடுப்பில் சோறு வைத்தாள். அந்த உயரத்தில் அரிசி வேகவே வேகாது என்பதும் மாமாவின் ஷீட்டில் இல்லை. நறுக்கென்று இருந்த சோற்றில் பருப்புப் பொடியும் நெய்யும் போட்டுப் பிசைந்து, ஊரிலிருந்து வந்த உறவினருக்கு வைப்பதுபோல் பார்த்துப் பார்த்து ஒரு பாறைமேல் வைத்தாள். மேலே, வீட்டிலேயே சுட்டுக் கொண்டுவந்திருந்த வடை ஒன்று. காக்கை வந்து எடுத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம்.

"அக்கா, அதான் ஃபீட் பண்ணக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல" என்றார் மாமா.

"இது ஃபீட் பண்றது இல்லடா. படைக்கிறது."

காக்கை வரவில்லை. அங்கே காக்கையே இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பறவை வந்து உட்கார்ந்தது. "இதுவும் டெக்னிக்கலா காக்கா ஃபேமிலிதான் அத்தான்" என்று மாமா அப்பாவுக்கு நம்பிக்கை கொடுத்தார். அது சோற்றைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, பறந்துபோய்விட்டது. அப்பா கா கா என்று கூப்பிட்டார். ஒரு மணி நேரம் ஆயிற்று. என் வயிற்றில் ஆயிரம் ஆடும் கத்தின.

அப்பா மெதுவாக அம்மாவிடம் சொன்னார். "வரமாட்டாரு. என்மேல கோபம். நான் போகலல்ல."

"அப்படில்லாம் இல்லங்க" என்றாள் அம்மா. அப்பா தண்ணீர் ஓரமாக நடந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அம்மாவும் பின்னாலேயே போனாள். மாமா கூடாரத்துக்குள் போய்ப் படுத்துவிட்டார். பாறைக்குக் காவல் நான்.

அப்போதுதான் அது வந்தது. பாறைகளுக்கு நடுவிலிருந்து, ஏதோ அழைப்பிதழ் கொடுத்துக் கூப்பிட்டதுபோல, அந்த வெள்ளை நாய். நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. ஒரே நக்கு, சோறும் இல்லை, வடையும் இல்லை. பிறகு என் கையையும் நக்கியது. நான் யோசிக்கவேயில்லை. கரையைப் பார்த்துக் கத்தினேன்.

"அப்பா! காக்கா வந்துருச்சு! எல்லாத்தையும் எடுத்துருச்சு!"

அப்பா ஓடிவந்தார். வெறும் பாறையைப் பார்த்தார். கை கூப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். "பெரிய காக்காவா பாப்பா?" என்று கேட்டார். "ஹ்யூஜ்" என்றேன். அன்று அவர் அந்த வேகாத சோற்றை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

காக்கா போன பிறகுதான் நாய் வந்ததாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நேற்று ஆடுகளுக்கு நடுவில் பார்த்ததே என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. "பாவம், யாரோ தொலைச்சுட்டுப் போயிருக்காங்க. ரெஸ்க்யூ பண்ணிடலாம்" என்று மாமா அதன் கழுத்தில் கூடாரக் கயிற்றைக் கட்டினார். நான் ஆகாயத்தில் இருந்தேன். ஃப்ரீமாண்டில் அது எங்கே படுக்கும், எந்தப் போர்வை, பள்ளிக்கு என்றைக்குக் கூட்டிப்போவது என்று எல்லாம் முடிவாகிவிட்டது.

மதியம் குதிரைச் சத்தம் கேட்டது. நேற்றுக் கையசைத்தவர். அப்பாவின் வயதுதான் இருக்கும். முகம் வெயிலில் கறுத்து வெடித்திருந்தது. அவருக்கு ஆங்கிலம் வராது. எங்கள் கூட்டத்தில் ஸ்பானிஷ் தெரிந்த ஒரே ஆள், பள்ளியில் மூன்று வருடமாகப் படித்துக்கொண்டிருந்த நான்தான். அதுவரை அந்தப் படிப்பால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை.

அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அவர் பெரு நாட்டுக்காரர். நாய் தொலைந்த நாய் இல்லை, வேலை செய்கிற நாய். ஆட்டோடு பிறந்து வளர்ந்து, ஓநாய் மாதிரியான கொயோட்டிகளிடமிருந்து மந்தையைக் காப்பது அதன் வேலை. காலையிலிருந்து அதைக் காணாமல், ஆயிரம் ஆட்டைத் துணையாளிடம் விட்டுவிட்டுத் தேடுகிறார். நாய் போனால் அவருடைய வேலையும் போய்விடும். மாமா முகம் சுருங்கி, கயிற்றை அவிழ்த்தார்.

பிறகு அவர் என்னிடம் நேராகக் கேட்டார். இதற்கு யார் சாப்பாடு போட்டது? நாயின் தாடியில் நெய்ச் சோறு ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன கேக்கறாரு?" என்றார் அப்பா.

அப்பாவுக்குப் பதில் சொல்லாமல், குதிரைக்காரரிடம் ஸ்பானிஷில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என் தாத்தா செத்துப்போய்விட்டார். அந்தச் சோறு அவருக்கு. ஒரு கறுப்புப் பறவை வந்து சாப்பிட வேண்டும். வராவிட்டால் தாத்தாவுக்கு அப்பாமேல் கோபம் என்று அர்த்தம். பறவை வரவில்லை. நாய் வந்தது. நான் பறவை என்று சொல்லிவிட்டேன். என் குடும்பம் மொத்தமும் சுற்றி நிற்க, நான் முழுக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டேன். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

அவர் அப்பாவைப் பார்த்தார். தாத்தாவுக்கு எதற்குக் கோபம் என்று கேட்டார். எனக்குத் தெரியாததால் அப்பாவிடம் அப்படியே திருப்பிக் கேட்டேன். தாத்தா பேச்சு எப்படி வந்தது என்று அப்பா கேட்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சாவுக்கு நான் போகலன்னு சொல்லு. போயிருந்தா திரும்பி வர முடியாது. விசா பேப்பர் அப்படின்னு சொல்லு."

நான் சொன்னேன். பேப்பருக்கு ஸ்பானிஷில் பாபேலெஸ். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் தொப்பியைக் கழற்றினார். "என் அம்மா" என்றார். பிறகு "பாபேலெஸ்" என்றார். இதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு ஒரே அலுப்பாக இருந்தது. பேப்பர் என்றால் வீட்டுப்பாடம் மாதிரி ஏதோ ஒன்று என்றுதான் நினைத்தேன். தாத்தா இறந்த அன்று விடியற்காலையில் அப்பா கராஜில் சட்டையில்லாமல், ஈர வேட்டியோடு, லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆபீஸ் மீட்டிங் என்று அம்மா சொன்னாள். நம்பிவிட்டேன்.

குதிரைக்காரர் குனிந்து நாயைத் தடவுவதுபோல், தாடியில் இருந்த பருக்கைகளைத் தன் சட்டைக் கையால் துடைத்தார். நிமிர்ந்து, அப்பாவைப் பார்த்தபடியே என்னிடம் மெதுவாக, நான் ஒரு சொல்லையும் விட்டுவிடக் கூடாது என்பதுபோல் பேசினார்.

"இவரு மேட்டுலருந்து பாத்தாராம்ப்பா" என்றேன் நான். "பெரிய கறுப்புப் பறவையாம். ரொம்ப நேரம் உக்காந்து, நிதானமா சாப்பிட்டுட்டுப் போச்சாம்."

அப்பா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அம்மா மீதி வடை மொத்தத்தையும் காகிதத்தில் கட்டிக் கொடுத்தாள். அவர் என்னைக் குதிரைமேல் ஏற்றி ஏரிக்கரையில் ஒரு சுற்று கூட்டிப்போனார். நாய் கூடவே ஓடிவந்தது. பிறகு அது அவர் பின்னால் திரும்பிப் பார்க்காமல் போனபோது நான் ஓவென்று அழுதேன். ஆனால் மலையிறங்கும்போது என் துள்ளல் திரும்பிவிட்டது. பெரியவர் ஒருவர், குதிரை வைத்திருக்கிறவர், நான் திட்டு வாங்கக் கூடாது என்று எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார்! ஃப்ரீமாண்ட் வரும்வரை அந்தப் பெருமை தாங்கவில்லை. அவர் காப்பாற்றியது என்னை இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை.